எதிர்காற்றில் அண்ணன்

மலாக்கா நகரிலிருந்து அலோர் காஜா போய்த் திரும்பிய சைக்கிள் பந்தயத்தில் நான் வாங்கிய முதல் பரிசு அண்ணனுக்கு உரியது. அவரை ஏமாற்றித்தான் அதை வென்றேன். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் இதை அறிய வேண்டும்.

அண்ணன் பிறந்தது மலாக்கா நகரின் காஜா பெராங்கில், நகராட்சித் தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா தவறியதும் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரொட்டிக் கடை வேலைக்குப் போனார். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு செங், பத்து பெரெண்டாம் ஆகிய ஊர்கள் வரை வீடுவீடாக ரொட்டி போடுவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன்.

பெட்டியைக் கழற்றிவிட்டால் சைக்கிள் பறக்கிறது என்று அம்மாவிடம் சொல்வார். ஒருநாள் திடலில் நடந்த புல்தரைப் பந்தயத்தில், பிரேக் இல்லாத இரவல் சைக்கிளில் ஏறி, சைக்கிள் சங்கத்துப் பையன்கள் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார். சில ஆண்டுகளில் புல்தரையில் அவரை வெல்ல மலாக்காவில் ஆள் இல்லை. பிறகு சாலைப் பந்தயத்துக்கு வந்தார். அவரைப் பார்த்து நானும் ஓட்டத் தொடங்கினேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு அது. மாநிலக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அலோர் காஜா பந்தயத்தில் முதலில் வருபவருக்கு அந்த இடம். திரும்பும் வழியில் அண்ணனும் நானும் மட்டும் முன்னால் இருந்தோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. செங் ஊரை எட்டியபோது என் கால்கள் ஓய்ந்துவிட்டன.

"அண்ணே, விட்டுட்டுப் போயிடாதீங்க. உங்க பின்னாலேயே வரேன். ரெண்டாவதா வந்தா போதும் எனக்கு," என்றேன்.

எதிர்காற்றை முன்னால் போகிறவர்தான் தாங்குவார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு உழைப்பு குறைவு. வழியெல்லாம் அப்படி ஒதுங்கி வந்தவர் முடிவுக் கோட்டில் அவரை முந்தக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஒழுங்கு. அண்ணன் வேகத்தைக் குறைத்து என்னைச் சேர்த்துக்கொண்டார். திடல் ஓரத்தில் கோடு தெரிந்ததும், தேறியிருந்த கால்களோடு நான் அவரைத் தாண்டினேன்.

அண்ணன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "கால்ல இவ்வளவு மிச்சம் வச்சுக்கிட்டா ரெண்டாவது போதும்னு சொன்னே?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ரொட்டி வாங்குகிறவர்கள்தான் அவரை விடவில்லை. தம்பி உன்னைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வந்தானாமே என்று கேலி செய்தார்களாம். அண்ணன் ரொட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாராம்.

அதைக் கேள்விப்பட்டதும் குழுப் பொறுப்பாளரிடம் போய், என் இடத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். விலகுகிறவர் சொல்லும் ஆளை எடுக்க முடியாது என்று கூறி, வேறு சங்கத்துப் பையனை எடுத்துக்கொண்டார்கள்.

"இப்ப உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இதுக்குத்தான் உன்னை இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பினோமா?" என்றார் அண்ணன். பந்தயத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதன்பின் அவர் தனியாள் நேரப் பந்தயத்துக்கு மாறினார். ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயம் அது. அதில் யாரும் யார் பின்னாலும் ஒதுங்க முடியாது. இரண்டு காலும் பெடலில் இருக்க, புறப்படும்வரை சைக்கிளைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"தள்ளாதே. பிடிச்சா போதும். நீ தள்ளினா என்னைத்தான் நீக்குவாங்க," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மாநிலப் போட்டியிலும், பிறகு வெளியூர்களின் சிமெண்டுத் தடங்களிலும் அப்படியே பிடித்தேன். மாநிலச் சட்டையையும் பின்னர் நாட்டின் சட்டையையும் அண்ணன் அணிந்தார். அவர் வென்ற முதல் கோப்பையில் அம்மா விபூதி கொட்டி வைத்தார். ஓட்டத்தை நிறுத்தியபின் தபால்காரராகி, அண்ணியோடும் பிள்ளைகளோடும் நிறைவாக வாழ்ந்தார். நான் செய்ததைத் தம் பிள்ளைகளிடம்கூட அவர் சொன்னதில்லை. அவர்களும் இதை இங்கேதான் முதலில் படிக்கிறார்கள்.

அண்ணன் படுத்திருந்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், அழைத்தபோதெல்லாம் கார் எடுத்து வந்த எதிர்வீட்டுச் சீன நண்பருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி மாதத்தில் ஒருநாள், கட்டிலிலிருந்து வாசல் வரை நடக்க அண்ணன் ஆசைப்பட்டார். பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் தயங்கியபோது என்னையறியாமல் சற்று உந்திவிட்டேன்.

"தள்ளாதே. பிடிச்சா போதும்," என்றார்.

இருவரும் நின்று சிரித்தோம். எதற்கென்று அண்ணி கேட்டார். அண்ணன் வாசல் வரை நடந்தார். நான் பிடித்துக்கொண்டே போனேன்.