பந்தல் துணிக்குப் பின்னால் பொன்விழா

ஜெயங்கொண்டத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் வரைந்த படம் ஒன்று அரியலூர் ஓவியக்கூடத்தில் பல வருடங்களாகத் தொங்குகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூடை சுமக்கும் ஒரு பெண்ணின் படம். அதற்காக எனக்கு எதிரே நின்ற அக்கா வரதராஜன்பேட்டைக்காரர். அவர் அந்தப் படத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேலை நாளில் அவரால் வர முடியாது. அவருக்கு லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கும் லீவு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் பொன்விழா. எனக்கு அழைப்பு வந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் வாழைமரம், மேளம், ஆளுயர பிளெக்ஸ். பிளெக்ஸில் சிறப்பு விருந்தினர் சிரித்தார். பக்கத்தில் கூடத்தின் அதிகாரி கும்பிட்டார். ஓவியம் ஒன்றுகூட இல்லை. உள்ளே போனால் அதைவிட அழகு. நான்கு சுவரையும் மேலிருந்து கீழ்வரை பந்தல் துணியால் மூடியிருந்தார்கள்.

"படமெல்லாம் எங்க சார்?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"துணிக்குப் பின்னாடி பத்திரமா இருக்குங்க. போட்டோ எடுக்கறப்ப பின்னாடி பளிச்சுன்னு இருக்கணும்ல? கண்டதெல்லாம் தெரிஞ்சா நல்லாருக்காது."

விருந்தினர் முக்கால் மணி நேரம் கலையைப் பற்றிப் பேசினார். பேச்சு முழுக்க இடத்தைப் 'பொருட்காட்சி' என்றே சொன்னார். அதிகாரி ஒவ்வொரு முறையும் கைதட்டினார். பிறகு கலைஞர்களுக்கு மரியாதை. என்னையும் மேடையில் ஏற்றி, வேறு யாருடைய பெயரையோ வாசித்து, சால்வை போர்த்தினார்கள். என் படம் என் முதுகுக்கு இரண்டடி பின்னால் துணிக்குள் கிடந்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசி வரிசையிலிருந்து அந்த அக்கா எழுந்து நேராக மேடைக்கே வந்துவிட்டார்.

"என் படம் எங்கங்க சார்?"

கையைக் காட்டினேன். அவர் துணியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். குண்டூசிகள் தெறித்தன. அந்தப் பக்கத்துத் துணி முழுவதும் அவிழ்ந்து விருந்தினரின் நாற்காலிமேல் சரிந்தது.

"யாரும்மா நீ? எறங்கு கீழ!" என்று அதிகாரி ஓடி வந்தார்.

"இதுல இருக்கறது நான்தாங்க. பாத்துட்டுப் போயிடறேன்."

கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு அவர் பின்னால் வந்து நின்றது. விருந்தினருக்கு அடுத்த விழா ஞாபகம் வந்துவிட்டது. காரில் ஏறிப் போனார். அக்கா எதையும் கவனிக்கவில்லை. படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தான் போட்டிருக்கீங்க. செருப்பு எங்க? அன்னைக்குப் போட்டுட்டுத்தான வந்தேன்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெறுங்காலா இருந்தா பாக்கறவங்களுக்கு மனசுல தைக்கும்னு நெனச்சேன்க்கா."

"அந்தக் கல்லு மேல வெறுங்கால்ல நடந்து பாத்திருக்கீங்களா சார்?"

நடந்ததில்லை. அதிகாரியைப் பார்த்து அதுவரை மனதுக்குள் நக்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுவாரம் செருப்பு வரைந்து சேர்க்க அனுமதி கேட்டு மனுக் கொடுத்தேன். பொதுச் சொத்தைத் திருத்த விதியில் இடமில்லை என்று அதிகாரி பதில் எழுதியிருந்தார். வேறொரு படம் தொடங்கியிருக்கிறேன். அந்த அக்கா வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறார்.