ரெஸ்லிங்காரனுக்கு நேர்ந்துகொண்ட தேங்காய்

சூலூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. சனிக்கிழமை சாயங்காலமானால் அப்பா விசைத்தறியை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். வாராவாரம் வரும் அமெரிக்க ரெஸ்லிங். எனக்கு அந்த எழவைக் கண்டாலே ஆகாது. எண்ணெய் பூசிய தடியன்கள் நாற்காலியால் மொத்திக்கொள்வதில் என்னதான் இருக்கிறதோ! அப்பாவுக்கு ஒவ்வொரு அடியும் நிஜம். காலேஜில் படித்த அண்ணன் எல்லாம் நடிப்பு என்று சிரிப்பான். சிரித்துக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவனும் அவன்தான்.

ஒருநாள் அப்பாவுக்குப் பிடித்தவனைத் தலைகுப்புறப் போட்டுக் கழுத்தை ஒடித்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். இனி எழுந்து நடப்பதே சந்தேகமாம். இங்கிலீஷில் சொன்னதை அண்ணன்தான் தமிழில் சொன்னான்.

"கூத்துங்கப்பா. ரெண்டு மாசத்துல வந்துருவான், பாருங்க."

கழுத்து ஒடிந்து கிடப்பவனைப் பார்த்துச் சிரிக்காதே என்று அப்பா வைதார். மறுநாள் மாரியம்மன் கோயிலுக்குப் போய், அவன் எழுந்து வந்தால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

அந்த மாதமே அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தோம், கேட்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா அதே அம்மனிடம் கிடா வெட்டுகிறேன், மொட்டை போடுகிறேன் என்று வேண்டினார். அண்ணனைப் பொணமாகத்தான் கொண்டுவந்தோம். எனக்கு அழுகையே வரவில்லை. யாரோ காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். சர்க்கரை பத்தவில்லை என்று மட்டும் தோன்றியது.

கருமாதி முடிந்தும் டிவி மேல் துணி கிடந்தது. ஒரு சனிக்கிழமை அப்பாவே அதை எடுத்தார். பெட்டிக்குள் கூட்டம் கத்தியது. அந்தக் கழுத்து ஒடிந்தவன் வந்தான். கல்லுக்குண்டு மாதிரி ஓடிவந்து கயிற்றைத் தாண்டிக் குதித்தான். அவனை அடித்துக் கொல்லவேண்டும் போல எனக்கு இருந்தது. அதுவும் ஒரு நிமிடம்தான். பிறகு ஒன்றுமில்லை.

"பையன் சொன்னாப்பலயே வந்துட்டானுங்க" என்றாள் அம்மா.

காலையில் தேங்காயோடு கிளம்பினார். துக்க வருசத்தில் கோயிலுக்கா என்று அம்மா கேட்டாள்.

"நேந்தது நேந்ததுதான் அம்மணி. அவன் வந்தா ஒடைக்கறேன்னேன். வந்துபோட்டான்."

உள்ளே போகக் கூடாதல்லவா, வாசலுக்கு வெளியிலேயே நின்று உடைத்துவிட்டு வந்தார். இரண்டு மூடியையும் அடுப்படியில் வைத்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு ஆளு மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இட்லி வெந்துவிட்டதா என்று கேட்கிற குரல்தான். அப்புறம் மூடியைத் துருவிச் சட்னி அரைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.