போதும் என்று சொல்லத் தெரியாத கை

ஒரு மதியம் கொள்ளுப் பருப்பும் ரசமும் ஒரு கட்டுக் கட்டிவிட்டு, கிரிக்கெட் பார்க்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது கையை நாற்காலி முதுகின் மேல் தொங்கப்போட்டபடி எப்போது தூங்கினேனோ... எழுந்து பார்த்தால் மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்குகிறது!

தூக்கினேன். வரவில்லை. முறைத்தேன். அதற்கும் வரவில்லை.

"ஏனுங்க, வாயி கோணுதா? பேசுங்க!" என் மனைவி சரசு அலறினாள்.

"பேசிட்டுத்தான இருக்கறேன்!" என்றேனே தவிர, எனக்கும் அதே சந்தேகம்தான். பக்கவாதமோ? எழுதுகிற கை ஆயிற்றே! அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நரம்பு டாக்டரம்மா சிரிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையைத் தட்டிப் பார்த்தார். "ஸ்ட்ரோக் இல்லீங்க. மேல்கை எலும்பை ஒட்டி ஓடற நரம்பு நாற்காலியில அழுந்திப்போச்சு. உடனே வந்தது நல்லதுங்க. மரத்துப்போச்சுன்னு தேய்ச்சுட்டு ஊட்லயே உக்காரக் கூடாது."

"வந்துருமுங்களா?" சரசுவின் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பெரும்பாலும் வந்துரும்மா. ஆனா நரம்பை அவசரப்படுத்த முடியாது."

மணிக்கட்டைத் தாங்க ஒரு ஸ்பிளிண்ட் மாட்டி அனுப்பினார். வீட்டில் அதைக் கழற்றியபோதுதான் கவனித்தேன். விரல்களை மடக்க முடிகிறது, நிமிர்த்த முடியவில்லை. அதாவது என் கைக்கு 'வா' என்று கூப்பிடத் தெரியும். 'நில்' என்று காட்டத் தெரியாது!

இதன் விபரீதம் பெரியநாயக்கன்பாளையத்தில் சகலை வீட்டு கிரகப்பிரவேச விருந்தில்தான் புரிந்தது. ரசத்தில் நனையுமே என்று ஸ்பிளிண்ட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

நம் கொங்குப் பந்தியில் வாயால் 'போதும்' என்றால் யார் நம்புகிறார்கள்? மரியாதைக்குச் சொல்கிறார் என்று இன்னொரு கரண்டி விழும். இலைக்கு மேல் உள்ளங்கையை விரித்தால்தான் கரண்டி நிற்கும். என் கையோ தொங்கியபடி விரலை ஆட்டி, 'கொண்டா, கொண்டா' என்கிறது. பந்தியில் இடது கையை நீட்ட முடியுமா?

"சகலை ஆசையாக் கேக்கறாரு பாருங்க, ஊத்துங்க!" என்று சகலை வேறு உற்சாகப்படுத்தினார். பாயசம் இலையைத் தாண்டி, வேட்டியைத் தொட்டு... சரசு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் சிரிக்கவில்லை. தினமும் காபி டம்ளரோடு என் முன்னால் வந்து நிற்பாள். "எங்கீங்க, தூக்குங்க பாக்கலாம்." தூக்குவேன். வராது. "செரி விடுங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். வரவே வராதோ என்று எனக்குப் பயம். அவளுக்கும்தான். வெளியே சொன்னால் பலித்துவிடும் என்பது போல ரெண்டு பேரும் காபியைப் பற்றியே பேசினோம். எவ்வளவு நாள்தான் டிகாஷனைக் குறை சொல்வது?

வாரங்கள் ஓடின. போன ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் ஒரு கல்யாணம். ஸ்பிளிண்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். பாயசம் வந்தது. ஒரு கரண்டி விழுந்தது. அடுத்த கரண்டி வாளியிலிருந்து கிளம்ப, பழக்க தோஷத்தில் "போதுங்க" என்று கையைத் தூக்கினேன்.

கரண்டி நின்றது!

குனிந்து பார்க்கிறேன். விரல்கள் இன்னும் தொங்கத்தான் செய்கின்றன. ஆனால் மணிக்கட்டு... கொஞ்சூண்டு... மேலே!

"ஏனுங்க... கை!" சரசு பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தே விட்டாள். "இன்னொருக்கா தூக்குங்க!"

தூக்கினேன். வந்தது! அவள் எச்சில் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து இலைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டுமே! நான் இன்னொரு தரம் தூக்கிக் காட்டினேன்.

பாயசம் ஊற்றியவர்தான் பாவம், குழம்பிப்போனார். "அப்ப வேண்டாமுங்களா?"

"கை வேண்டாம்னுதான் சொல்லுது தம்பி... நீங்க ஊத்துங்க!"