கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்

சின்னப்பன் போய்விட்ட செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. ஓசூரிலிருந்து அவன் மகள் ஸ்டெல்லா பேசினாள். "மாமா, அப்பா எழுந்திருக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். தூங்குவதில் அவன் என்றைக்குமே கெட்டிக்காரன் என்று மனம் கேலியாக நினைத்தது. நினைத்த பிறகுதான் அழுகை வந்தது.

அன்று மாலைக்குள் நம் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகள் நிறைந்துவிட்டன. எல்லோரும் அன்போடுதான் எழுதியிருந்தீர்கள். ஆனால் பாதிப் பேர் அந்தப் பழைய கதையையே மறுபடி எழுதியிருந்தீர்கள்: கைக்கு வந்த கபடிப் போட்டியைக் கோட்டுக்கு முன்னால் நின்று கனவு கண்டு தோற்றவன். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதையே சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரிக் கல்லூரி விடுதிக்கு அவன் கர்நாடக எல்லையோரக் குளிர் ஊரான தளியிலிருந்து வந்தான். வெயில் கொளுத்திய மதியத்தில் கம்பளிச் சட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். பார்வை எப்போதும் கொஞ்சம் தள்ளி, பனி மூடிய ஏதோ ஒரு மேட்டில் இருக்கும். கண்டக்டரிடம் கன்னடம், வேப்பனப்பள்ளிக்காரனான என்னிடம் தெலுங்கு கலந்த தமிழ், மாதா படத்திடம் மட்டும் சுத்தத் தமிழ். வகுப்பில் கண்ணை மூடியிருந்தவனைத் தாவரவியல் ஆசிரியர் எழுப்பியபோது, "தூங்கல சார். ரெண்டு ஆட்டத்துக்கும் நடுவுல இருக்கறன்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் உண்மையைத்தான் சொன்னான் என்பது பிறகு எனக்குப் புரிந்தது.

கபடி, கைப்பந்து இரண்டிலும் அவன் கல்லூரிக்கு ஆடினான். நமக்கு இருந்தது ஒரே மைதானம். ஒரே நடுக்கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் போட்டு, காலையில் கபடி ஆடுவோம். மாலையில் அதே கோட்டின் மேல் கம்பம் நட்டு வலை கட்டுவோம். கபடியில் பாடிப் போனவன் மூச்சு விடாமல் திரும்பி வந்து அந்தக் கோட்டைத் தொட்டாக வேண்டும். கைப்பந்தில் எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது கால் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, அதனால் தொடவே கூடாது என்றுதான் பழகுவோம். காலையில் தொடு, மாலையில் தொடாதே. நமக்கெல்லாம் இது பெரிய விஷயமில்லை, நாம் ஆளுக்கு ஒன்றுதானே ஆடினோம். அவனுக்கு இரண்டு ஆட்டத்துக்கும் அதே இரண்டு கால்கள்தான். அவை யார் பேச்சைக் கேட்கும்?

சாப்பாட்டிலும் இதே வம்புதான். கபடி கேப்டன் முனியப்பன் அவன் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைப்பான். "உடம்பு வேணும்டா, நாலு பேர் புடிச்சாலும் அசையக் கூடாது" என்பான். கைப்பந்து கேப்டனான நான் அதை எடுத்து என் தட்டில் வைத்துக்கொள்வேன். "இத்தன களிய வயித்துல வெச்சிக்கினு எப்படிடா எகிறுவான்?" என்பேன். சின்னப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பான். "நீங்க முடிவு பண்ணி வைங்க, நான் கை கழுவிக்கினு வர்றன்" என்று எழுந்து போய்விடுவான்.

ஏன் இந்தப் பாடு, ஒன்றை விட்டுத் தொலையேன் என்று ஒருமுறை கேட்டேன். வலைக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "பூமியோட பூமியா கெடக்கறது ஒண்ணு, காத்துல நிக்கறது ஒண்ணு. எதடா விடறது? மூணு வருசம் போனா எனக்கு மைதானமே கெடையாது" என்றான். கல்லூரி முடியும்வரை இரண்டு அணியிலும் தன் பெயர் இருக்க வேண்டும். அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டாம் வருடம் சேலத்துக் கல்லூரியோடு கபடிப் போட்டி. அதற்குப் பத்து நாள் கழித்துக் கைப்பந்துப் போட்டி. கபடி முடியும்வரை சின்னப்பனைக் கைப்பந்துக்குக் கூப்பிடவே கூடாது என்று பி.டி. சார் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். ஆனால் அதுவரை நடந்த பயிற்சியில் ஒவ்வொரு தடவை அடித்து இறங்கும்போதும் அவன் கபடிக்கால் கோட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

அதனால் யாருக்கும் தெரியாமல் அவனை விடியற்காலையில் ஊரின் பழைய கோட்டை இருக்கும் மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மாட்டுச் சலங்கைகளைக் கயிற்றில் கோத்து, அங்கே ஒரு கோடு கிழித்து அதன் மேல் தரையோடு தரையாகக் கட்டினேன். எகிறி இறங்கும்போது சலங்கை சத்தம் கேட்டால் மறுபடி எகிற வேண்டும். பனி இறங்கிய அந்தக் காலைகளில் அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. எகிறும் உருவம் வெள்ளைக்குள் போய் மறையும், பிறகு மண்ணில் கால் பதியும் சத்தம், பிறகு சலங்கை. ஆறாம் நாள் சலங்கை ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கபடிப் போட்டி மறுநாள்.

அந்தப் போட்டியின் கடைசி நிமிடம் உங்களுக்கு மனப்பாடம். நாம் ஒரு புள்ளி பின்னால். சின்னப்பன் பாடிப் போனான், இரண்டு பேரைத் தொட்டான், திரும்பினான். சேலத்துக்காரர்கள் கை தளர்ந்து நின்றுவிட்டார்கள், ஒருவரும் துரத்தவில்லை. நாம் கத்த ஆரம்பித்துவிட்டோம். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அவன் கால் நின்றது. தூக்கிய பாதம் அப்படியே பின்னால் இறங்கியது. உதடுகள் இரண்டு முறை "கபடி" என்றன, மூச்சு அறுந்தது. நடுவர் கையைத் தூக்கினார்.

அவன் ஏன் நின்றான் என்று அந்த மைதானத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

முனியப்பன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பி.டி. சார் விலக்கிவிட்டு, "ஏன்டா நின்ன?" என்று கேட்டார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். கேப்டன் பதவி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். சின்னப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. "என்னமோ கனா கண்டுட்டன் சார்" என்றான்.

இரண்டில் ஒன்றை விடு என்று உத்தரவாயிற்று. மறுநாள் பதில் சொன்னான்: "ரெண்டுலயும் வெளிய ஒக்காந்துக்கறன் சார். எதையும் விடச் சொல்லாதீங்க." அந்தக் கைப்பந்துப் போட்டியிலிருந்து கடைசி வருடம் முடியும்வரை இரண்டு அணிக்கும் மாற்று ஆட்டக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு போட்டியில்கூட அவன் இறங்க வாய்ப்பு வரவில்லை. வரவில்லை என்று எழுதுவதே பொய். கைப்பந்தில் இறக்கியிருக்க வேண்டியவன் நான். அவன் முகத்தைப் பார்க்கக் கூசி, பெஞ்சின் பக்கமே திரும்பாமல் ஆடி முடித்தேன்.

பிறகு அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான், நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். ஸ்டெல்லாவின் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "எல்லார்கிட்டயும் சொல்லிடறன்டா" என்றேன். பட்டு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டே சிரித்தான்.

"சொல்லி என்னா ஆவப் போவுது? அவனுங்க சிரிச்சிக்கினு கெடக்கட்டும் உடு."

"அன்னிக்கு என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே. எதுக்குடா கனான்னு பொய் சொன்ன?"

"பொய் இல்லடா வெங்கடேசா. அங்க நின்னன் பாரு, ஒரு சத்தமும் கேக்கல. நீங்க வாய்ப் பொளந்து கத்தறது தெரியுது, காதுல விழல. கால் கீழயும் இல்ல, மேலயும் இல்ல. ரெண்டு ஆட்டத்தையும் ஒண்ணா ஆடினாப்பல இருந்துச்சு. அப்பறந்தான் மூச்சு போச்சு." பிறகு, "ஆனா இன்னும் ஒரு தடவ ஆட உட்டிருக்கலாம்டா நீ" என்றான். மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட, போய்விட்டான்.

அவன் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இனி அவனைப் பற்றிப் பேசும்போது, தளிப் பனியைப் பேசுங்கள், தட்டில் இருந்த களியைப் பேசுங்கள், தூக்கத்தைப் பேசி வேண்டுமானாலும் சிரியுங்கள். அந்தத் தோல்வியை மட்டும் அவன் பெயரில் சொல்லாதீர்கள். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான். அது என்னுடையது.