நாவல் எழுதப் பேத்துப்பாறை போனது

நாவல் எழுத வேண்டுமானால் முதலில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பழனியில், பஞ்சாமிர்தக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்துகொண்டு பெரிய இலக்கியம் படைக்க முடியுமா என்ன. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை விட்டதும், கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தேன். ஜன்னலோரம் மேசை, புதுச் சால்வை, பிளாஸ்க், வழவழவென்று எழுதும் பேனாக்கள். எழுத்தாளருக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. கதை மட்டும்தான் பாக்கி.

வீட்டுக்கார அம்மா காரட் தோட்டத்துக்குக் கிளம்பும்போது கேட்டார்.

“என்ன சோலியா வந்திருக்கீங்க?”

“நாவல் எழுத.”

“அப்பப் பகல்ல சும்மாதான் இருப்பீங்க. தொட்டி நெறைஞ்சா மோட்டார நிப்பாட்டிருங்க.”

அந்த வாரம் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம், மேகம் மூடிய ஜன்னலை ஆழ்ந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். தனிமையைப் பற்றிய நாவல் என்பதால் வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஆனால் சீசன் நேரத்தில் கொடைக்கானலில் ஒருத்திக்கு அறை இருக்கிறது என்ற செய்தி சொந்தக்காரர்கள் காதுக்கு எட்டாமல் போகுமா. என் கணவரின் அக்கா குடும்பம் வேன் பிடித்து, ஒரு தூக்குப் புளியோதரையோடு வந்து இறங்கியது.

“தனியாப் பயந்து கெடப்பியேன்னுதான் வந்தோம்” என்றார் மதினி.

மற்றவர்கள் ஏரிக்குப் படகு விடப் போனார்கள். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றிப்போயிருந்த மதினி என்னோடு தங்கிக்கொண்டார்.

“கதைக்கு என்னத்தா வச்சிருக்க?”

“மலையில தனியா இருக்கிற ஒரு பொண்ணு, மதினி.”

“இருந்து?”

அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. மதினி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, தனக்கு முதலில் தாண்டிக்குடியில் மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொன்னார். அவன் காப்பித் தோட்டத்தில் வேலையாக இருந்தவன். பெண் பார்க்க வருவதற்கு முன் ஆளைத் தானே பார்த்துவிட வேண்டுமென்று, கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸும் ஜீப்புமாக மாறி ஏறிப் போயிருக்கிறார். தோட்டத்து வாசலில் அவனிடமே வழி கேட்டிருக்கிறார்.

“வழி சொல்லல. இப்பிடித் தனியாச் சுத்துற பொண்ண எவன் கட்டுவான்னு புத்தி சொன்னான். கேட்டுக்கிட்டு வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“பொண்ணு பாக்க வந்தான். நாந்தான் காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். நிமிந்து பாத்தான், டம்ளர் ஆடுது. வேண்டாம்னு அவன் சொல்றதுக்குள்ள நான் வெரசாச் சொல்லிட்டேன்.”

“என்ன காரணம் சொன்னீங்க?”

“மாப்பிள்ளைக்குக் கை நடுங்குதுன்னேன். எங்கய்யாவுக்கு அது போதும். ஒன் புருசன் அப்பச் சின்னப்பய. பஜ்ஜியத் தவிர அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

எத்தனையோ வருடம் என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சால்வையாவது வாங்காமல் இருந்திருப்பேன்.

“எழுதிக்கட்டுமா மதினி?”

“எழுது. என்னைய ஒல்லியா எழுது.”

வேன் கிளம்பியதும், தனிமை நாவலைக் கைவிட்டேன். அதற்காக உலகம் வருந்தியதாகத் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியபின், முதல் அத்தியாயத்தை மதினிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளையைத் தொந்தியும் வெற்றிலைக் கறையுமாக எழுதியிருந்தேன்.

“அப்பிடி இல்லத்தா” என்றார். “பாக்க நல்லாத்தான் இருந்தான்.”