பத்தாம் நாள் தடிப்பு

1991 பங்குனியில் எங்கள் பக்கத்து ஊர்களில் வரிசையாகத் தட்டம்மை கண்டது. வடக்குப்பட்டில் ஆரம்பித்தது என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். வடக்குப்பட்டில் கேட்டால் படப்பைப் பக்கமிருந்து வந்தது என்றார்கள். எங்கள் தெருவிலும் சில வாசல்களில் வேப்பிலை தொங்கியது. அதே சமயத்தில்தான் பள்ளிக்கூடச் சுவரில், நாடு முழுக்க ஒரு குழந்தை விடாமல் தடுப்பூசி என்று நீல மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். புதன்கிழமை தோறும் நர்சம்மா ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். குழந்தைகளின் தடுப்பூசிக் கார்டுகளை அவருக்கு எழுதிக் கொடுப்பது நான்.

சம்பளம் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ தேறியிருந்தேன். பள்ளி வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, என்னைவிட மூத்த பெண்கள் வரிசையில் நிற்க, தலை நிமிராமலே "பிறந்த தேதி?" என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அண்ணனின் பெண் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அம்மை ஊசி போடும் வயது அதுதான். அண்ணி தயங்கினாள்.

"ஊருக்கே போட்டுகினு திரியற. என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆகாது அண்ணி. நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்!"

"எழுதறது வேற, குத்தறது வேற" என்று அவள் சிரித்தாள். சிரித்துவிட்டால் அண்ணி சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம்.

உண்மையில் நர்சம்மா எல்லாத் தாய்மார்களிடமும் இன்னொன்றும் சொல்வார். ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலும் தடிப்பும் வரலாம், பயப்பட வேண்டாம் என்பார். அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள் என்று நினைத்தேன். அன்று ஊசி போடும்போது நர்சம்மா சொன்னது, வீறிட்டு அழுத குழந்தையின் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை. நானும் மறுபடி எடுத்துச் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது. எதிர் வீட்டுச் சிறுமி எங்கள் குழந்தையை எப்போதும் இடுப்பில் வைத்துக்கொண்டு அலைவாள். ஊசி போட்டதற்கு முந்தின நாள்தான் அவளுக்கு அம்மை கண்டிருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை காதுக்குப் பின்னால் ஆரம்பித்து முகம், கழுத்து, மார்பு என்று தடிப்பு இறங்கியது. விரல் விட்டு எண்ணினேன். ஊசி போட்டுப் பத்தாம் நாள். சிறுமி தூக்கிக்கொண்டு திரிந்ததிலிருந்து எண்ணினாலும் அம்மை காணும் நாள்தான். எப்படி எண்ணினாலும் கணக்கு இரண்டு பக்கமும் சரியாக வந்தது. அதுதான் என்னைக் குழப்பியது.

அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. வாசலில் வேப்பிலை செருகினாள், அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள், குழந்தையை வேப்பிலை மேல் கிடத்தினாள். "ஆத்தா வந்துக்கிறா. மூணு தண்ணி ஊத்தினா எறங்கிடுவா" என்றாள். அம்மை கண்ட வீட்டில் மாத்திரை, ஊசி, ஆஸ்பத்திரி எதுவும் கூடாது. வந்தவளை அவமதித்ததாகிவிடும். பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டவும் கூடாது. எனக்கும் தம்பிகளுக்கும் அம்மை கண்டபோது இப்படித்தான் செய்தாள். நாங்கள் எல்லோரும் பிழைத்திருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் குழந்தை மூச்சு விடுவது மாறிப்போயிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பால் குடிக்கவில்லை. அண்ணன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். நர்சம்மா புதன்கிழமைதான் வருவார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம் அத்தை" என்றாள் அண்ணி.

"வாசல்ல வேப்பிலய வெச்சிகினு ஆஸ்பத்திரியா? ஆத்தாவ தூக்கினு போயி டாக்டரு கிட்ட காட்டுவியா நீ?"

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவதானே? இது இன்னாது? அம்மையா, ஊசியா? சொல்லு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தப் பதிலுக்கு என்ன நடக்கும் என்பது மட்டும் தெரிந்தது. அம்மை என்று சொன்னால் என்மேல் குற்றமில்லை. குழந்தை வேப்பிலை மேலேயே கிடக்கும். ஊசி என்று சொன்னால் வீட்டுக்கு வந்தது ஆத்தா இல்லை; குழந்தையை வெளியே எடுத்துப் போகலாம். ஆனால் அந்த ஊசியைப் போட வைத்தது நான்.

"இது அம்மை இல்ல. ஊசியால வந்த தடிப்பு. ஆஸ்பத்திரிலதான் பாக்கணும்" என்றேன். பள்ளியில் ஒப்பிப்பதுபோல, தடுமாறாமல் சொன்னேன்.

அம்மா குழந்தையின் விலாவில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லா தெரியுமா?"

"தெரியும்."

அம்மா எழுந்து போய் வேப்பிலையை எடுத்தாள். எடுத்ததைக் கீழே போடவும் அவளுக்கு மனம் வரவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். "ஒண்ணும் ஆவாதுன்னுதானேடி கூட்டினு போன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

ஒரகடம் கூட்டு ரோடு வரை நடந்தோம். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு பஸ், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில். வழி முழுக்க அண்ணி என்னோடு பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் இரண்டையும் சொன்னேன், ஊசியையும் எதிர் வீட்டுச் சிறுமியையும். அவர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடியே சொன்னார். "ஊசி போடறதுக்கு முன்னாடியே தொத்தியிருக்கும்னு தோணுது. ஊசியால தடிப்பு வரும், ஆனா இவ்வளவு சளி கட்டாது. உறுதியா சொல்ல முடியாது. அதை விடுங்க, இப்ப மூச்சப் பாப்போம்."

அதை விடுங்க என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆறு நாள் வார்டில் இருந்தோம். நான்காம் நாள் குழந்தை பால் குடித்தது. அண்ணி அப்போதுதான் என்னைப் பார்த்து, "போயி டீ குடிச்சிட்டு வா" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ஊசி போட்ட குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தது; ஊசியால்தான் வந்தது என்று கார்டு எழுதுகிற பெண்ணே சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் பாதிதான் நம்பியிருக்கும். நான் சொன்னதால் முழுதாக நம்பியது.

அடுத்த புதன்கிழமை வராந்தாவில் நானும் நர்சம்மாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்து ஆறின. மருந்துக் குப்பியை உடைக்கவே இல்லை.

"யாரு இப்படிக் கெளப்பிவிட்டது?" என்றார்.

"நான்தான் சிஸ்டர்."

நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. "வேற ஏதாச்சும் சொல்லித் தூக்கினு போயிருக்கலாமே?"

"வேற என்ன சொல்லியிருக்கணும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். எனக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வார இறுதியில் பின் தெரு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை, பத்து மாதம். அவர்கள் தெருவிலும் இரண்டு வீட்டில் அம்மை கண்டிருந்தது. வாசலில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெய்யாலுமே ஊசியாலதான் வந்துச்சா? இல்லாங்காட்டி அம்மைதானா? எனுக்கு மட்டும் சொல்லு. இவனுக்குப் போடறதா வேணாவான்னு ரெண்டு நாளா சோறு எறங்கல."

முறத்தின் சத்தம் நின்றது. ஊசியால்தான் என்று மறுபடி சொன்னால் இந்தக் குழந்தைக்கு ஊசி கிடையாது. அம்மை என்று சொன்னால், ஆத்தா இருந்த வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே தூக்கிப் போக வைத்தவள் நான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்; அந்தப் பயம் அவளை விடவே விடாது.

"தெரியலக்கா" என்றேன். "அன்னிக்கும் தெரியாது. புள்ளைய வெளிய கொண்டு போவணும்னு அப்படிச் சொன்னேன். டாக்டருக்கே உறுதியா தெரியல. ஆனா உன் புள்ளைக்கு ஊசி போடறதுதான் நல்லதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா! தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்மாம் படிப்பு?" என்றாள் அக்கா. ஆனால் போகவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி, போடறேன். ஆனா ஒண்ணு. பத்து நாளு நீ தெனம் எங்க வூட்டுக்கு வந்து புள்ளையப் பாக்கணும். தடிப்பு வந்தா எந்தத் தடிப்புன்னு உன்ன கேக்கமாட்டேன். நீ என்கூட பஸ் ஏறணும்."

"ஏறுறேன்."

அவள் போனபிறகு அம்மா என்னைத் திட்டவில்லை. அரிசியையும் புடைக்கவில்லை. முறத்தை அப்படியே வைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு அம்மன் கோவிலுக்குப் போனாள். ஆடியில் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாளாம். அண்ணி சொல்லித்தான் தெரியும். அது மன்னிப்புக் கேட்டா, நன்றி சொல்லியா என்று அண்ணிக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை.

புதன்கிழமை பின் தெருக் குழந்தைக்கு நர்சம்மா ஊசி போட்டார். பல பேருக்குப் போடும் குப்பியை அந்த ஒரு குழந்தைக்காக உடைத்தார். பத்து நாளும் காலையில் நான் போனேன். சட்டையைக் கழற்றி முதுகு, மார்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் வெளிச்சத்தில் பார்ப்பேன். எட்டாம் நாள் உடம்பு கொஞ்சம் சுட்டது. ஒன்பதாம் நாள் கழுத்தில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, பையில் துணியை எடுத்து வைத்து, பஸ்ஸுக்குத் தயாராக வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டு, விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் உடனே கிளம்பிவிடலாம் என்று, அவன் வயிறு ஏறி இறங்குவதையே மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.