முட்டுக்கொடுத்த கேரவன்

என் மனைவிக்கு மார்பில் வந்த நோய் முதுகெலும்புக்கு இறங்கிய பிறகு, அவள் படுத்திருந்த கட்டிலில் யாராவது தம்ளரை வைத்தால்கூட வலித்தது. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீடோ பொதட்டூர்பேட்டையில், இரண்டு பக்கமும் பவர்லூம். தறி ஓடினால் தரையே அதிரும். பக்கத்து வீட்டுக்காரர் அவளுக்காகச் சில நாள் தறியை நிறுத்திவிட்டார். அது தெரிந்ததும் அவள் என்னைக் கூப்பிட்டு, ஓட்டச் சொல்லுங்கள், அவர்கள் பிழைப்பு என்ன ஆவது என்றாள். அவளும் தறிக்காரிதான்.

நான் அப்போது சென்னையில் சினிமா படப்பிடிப்புகளுக்குக் கேரவன் கொண்டுபோகிற வேலையில் இருந்தேன். வேறு வண்டியில் கொக்கி போட்டு இழுத்துப் போகிற பழைய கேரவன் ஒன்று ஷெட்டில் சும்மா கிடந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு கழிவறை, ஏசி. முதலாளியிடம் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் எடுத்துப் போ என்றார். திருத்தணிக்கு வெளியே என் மச்சானுக்கு, அதாவது அவள் தம்பிக்கு, கொஞ்சம் நிலம் உண்டு. அங்கிருந்த மாட்டுக்கொட்டகைக்கு மின்சாரமும் இருந்தது. ரோட்டிலிருந்து தள்ளி, மாமரத்துக்குப் பக்கத்தில் டிராக்டர் வைத்து இழுத்து நிறுத்தினோம்.

அவளைக் கொண்டுவந்து உள்ளே படுக்கவைத்த அன்று மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு படியேறினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

"நீங்க ஏறச்சொல்ல ஊஞ்சலாட்டம் ஆடுதுங்க."

எத்தனையோ ஊர்களில் அந்த வண்டியை நிறுத்தியிருக்கிறேன். மேக்கப் போடுகிறவர்களுக்கு லேசான ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இப்போது அது போதவில்லை. மச்சானும் நானும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடிச்சட்டத்தின் நான்கு மூலைக்கும் ஹாலோ பிளாக் அடுக்கினோம். ஆட்டம் குறைந்தது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மண் ஊறி, ஒரு மூலையில் கல் பிளந்து, வண்டி பொதுக்கென்று சாய்ந்தது. அவள் அலறியது மாட்டுக்கொட்டகையில் இருந்த மச்சானுக்குக் கேட்டது. நனைந்துகொண்டே ஓடி வந்தான். அந்த அலறலை என்னால் எழுத முடியாது.

மறுநாள் வெயில் வந்ததும் அவளைப் போர்வையோடு தூக்கி மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தோம். மச்சான் கொட்டகைக்குப் போனான். மாடு நிற்பதற்காகப் பதித்திருந்த கருங்கல் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பினான். மாடு சேற்றில் நிற்குமே என்றேன்.

"மாடு நின்னுக்கும் பாவா. அக்காவுக்குத் தாங்கணும்" என்றான். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

ஈர மண்ணை வெட்டி எடுத்து, கப்பிக்கல் கொட்டி இடித்து, அதன்மேல் கருங்கல், அதன்மேல் கனமான மரக்கட்டைகள். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் குமிழ் நடுவில் வந்து நின்றது. அவளைத் திரும்பப் படுக்கவைத்து நான் உள்ளே நடந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே, தலைமாட்டுப் பக்கம் இன்னும் அதிர்கிறது என்றாள். குனிந்து பார்த்தால் அந்த மூலையில் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே நூலளவு இடைவெளி. டயர் ரப்பரை வெட்டிச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கினோம்.

மறுபடி ஏறினேன். அவள் கண் திறக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து அப்படியே நின்றேன்.

"ஏறிட்டீங்களா?"

"ஆங்."

"தெரியவேயில்லங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இப்டி கிட்ட வந்து குந்துங்க" என்றாள்.

பல மாதமாக அவள் கட்டிலில் நான் உட்கார்ந்ததில்லை. தரையில்தான் இருப்பேன். அன்று விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே மலைக்கோயில் தெரிந்தது. கையைத் தூக்கினால் வலிக்குமோ என்று மரத்துப்போகும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் ரோட்டில் போகத் தொடங்கியபோது அவள் போய்விட்டாள். காலையில் நான் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கூப்பிட்டேன், பதில் இல்லை. சொந்தக்காரர்கள் வந்து, இடம் கொள்கிற மட்டும் உள்ளே ஏறி அழுதார்கள். வண்டி அசையவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வெளியே போய் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரியம் முடிந்ததும் முதலாளி வண்டியைக் கேட்டார். முட்டுகளை எடுக்க நான் போகவில்லை. மச்சானே ஜாக்கி வைத்து இறக்கி, டிராக்டரில் ரோடுவரை இழுத்து வந்து விட்டான். அந்த வேலைக்கு நான் திரும்பவில்லை. ஆர்.கே.பேட்டையில் இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். வீட்டில் அவள் படுத்திருந்த அதே கட்டிலில் தனியாகப் படுக்கிறேன். புரளும்போது இன்னும் மெதுவாகத்தான் புரள்கிறேன்.